மஸ்டாங் 2-க்காக ஒரு வாதம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய அமெரிக்கக் கார்களை நேசிப்பவர்களிடம் ஃபோர்டு மஸ்டாங் பற்றிப் பேச்செடுத்தால், 1964-இல் வந்த முதல் தலைமுறைக்குப் புகழாரம் சூட்டுவார்கள். 1974 மாடலாக வந்த இரண்டாம் தலைமுறையான மஸ்டாங் 2 என்றால் முகம் சுளிப்பார்கள். "அது வேறு சட்டை போட்ட பின்டோதானே" என்பார்கள்.

பின்டோ ஃபோர்டின் மலிவான சிறிய கார். மஸ்டாங் 2 அதன் பாகங்களைக் கொண்டு உருவானது உண்மைதான். ஆனால் முதல் மஸ்டாங் மட்டும் வானத்திலிருந்து குதித்ததா? அதன் அடித்தளம் ஃபால்கன் என்ற சிக்கனக் குடும்பக் கார். நீண்ட பானெட்டும் குட்டையான பின்புறமும் அதை மறைத்துவிட்டன. நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் விலையில் அறிமுகமாகி, ஓராண்டில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது.

பிறகு அந்தக் கார் பருக்கத் தொடங்கியது. 1971-இல் ஏழு லிட்டர் வி-8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினுக்கும் இடம் தரும் அளவுக்கு அகலமாகிவிட்டது. 1972-இல் விற்பனை சுமார் 1,25,000 ஆகச் சுருங்கியது. மஸ்டாங்கை மறுபடியும் சிறிதாக்கச் சொன்னவர், முதல் காருக்குப் பின்னால் இருந்த அதே ஃபோர்டு நிர்வாகி லீ ஐயகோக்காதான். 1973 செப்டம்பரில் மஸ்டாங் 2 வந்தது; அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய்த் தடை விதிக்க, குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் சிறிய கார்களைத்தான் எல்லோரும் தேடினார்கள். இதைவிட நல்ல நேரம் எந்தக் காருக்கும் வாய்த்திருக்காது! முதல் ஆண்டிலேயே 3,85,000-க்கும் மேல் விற்றது.

சரி, சக்தி? இங்கேதான் ஒப்பீட்டில் அநியாயம் நடக்கிறது. 1974-இல் அடிப்படை இன்ஜினுக்கு 88 குதிரைத்திறன். அதன் எதிரே முதல் தலைமுறையின் 271 குதிரைத்திறன் வி-8-ஐ நிறுத்துகிறார்கள். அது கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய இன்ஜின். 1964-இன் அடிப்படை ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு 101தான். அந்த 101-உம் பழைய கணக்கு. ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாமல், இன்ஜினைத் தனியாக ஓட்டி அளந்தது. 1972 முதல் அமெரிக்க நிறுவனங்கள், காரில் இருப்பதுபோல எல்லாவற்றையும் மாட்டி அளந்த எண்களையே வெளியிட்டன. அந்தக் கணக்கில் 88 ஒன்றும் பெரிய வீழ்ச்சி அல்ல.

ஆனால் 1975-இல் திரும்பி வந்த வி-8-க்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஏறத்தாழ ஐந்து லிட்டர் இன்ஜின், அதிகபட்சம் சுமார் 140 குதிரைத்திறன்தான். புகைக் கட்டுப்பாடு அதன் குரல்வளையை நெரித்திருந்தது. 1978-இன் கிங் கோப்ரா பதிப்போ, பானெட்டில் பெரிய நாகத்தைப் படமாக ஒட்டிக்கொண்டு அதே அடங்கிய இன்ஜினோடு ஓடியது. மிடுக்கெல்லாம் ஸ்டிக்கரில்தான்!

ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வேறு கதை. முதல் மஸ்டாங்கின் அடிப்படை மாடலில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மஸ்டாங் 2-இல், அதைவிட நம்பகமாக நிறுத்தும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும், பற்சக்கரமும் பல்வைத்த தண்டும் கொண்டு சக்கரங்களைத் துல்லியமாகத் திருப்பும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கும் எல்லா மாடல்களிலும் உண்டு. பழைய கார்களை மாற்றியமைக்கும் அமெரிக்கப் பட்டறைக்காரர்கள் இதன் முன்சக்கர சஸ்பென்ஷன் வடிவமைப்பைத்தான் விரும்பித் தேடினார்கள். இன்றும் 'மஸ்டாங் 2 முன்பகுதி' என்ற பெயரிலேயே அது புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. முதல் தலைமுறை மஸ்டாங்குகளிலும் அதைப் பொருத்திக்கொள்கிறார்கள்.