'டிக் டிக்' சத்தம் கேட்டால்: மடிக்கணினியின் வன்தட்டை மாற்றுவது எப்படி?

[திரை: மேசையில் ஒரு மடிக்கணினி. 'டிக்… டிக்… டிக்…' என்ற ஒலி மட்டும்.]

குரல்:
இந்தச் சத்தம் உங்கள் மடிக்கணினியிலிருந்து வருகிறதென்றால், வீடியோவைக் கைத்தொலைபேசியில் ஓடவிட்டு, முதலில் கணினியின் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள்.

ஹாட் டிஸ்க் என்று நாம் சொல்லும் வன்தட்டுக்குள் ஒரு தட்டு, பெரும்பாலான மடிக்கணினிகளில் நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது. அதன் மேலே, சில நானோமீற்றர் உயரத்தில், தட்டைத் தொடாமல் ஒரு முனை மிதந்தபடி படிக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீற்றர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வருவதுதான் இந்த 'டிக்'. முனை தட்டில் உரசத் தொடங்கியிருந்தால், கணினி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் படங்களும் கோப்புகளும் சுரண்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

புதிய வன்தட்டு, அதாவது வட்டு, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடையில் கிடைக்கும். பழையதில் இருந்தவை எந்தக் கடையிலும் கிடைக்காது. வன்னியில் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2009இல் இடம்பெயர்ந்தபோது இங்கே எத்தனையோ குடும்பங்கள் படத் தொகுப்புகளைக் கைவிட்டு வந்தன. இன்று அவர்களிடம் இருப்பவை, வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் தங்களிடம் இருந்த பிரதியைப் படம் பிடித்து அனுப்பியவை. அந்தப் படங்களுக்கு இரண்டாவது தடவை ஒரு இழப்பு வரக்கூடாது.

[திரை: மடிக்கணினியின் அடிப்பக்கம். திருகாணிகள் கழற்றப்படுகின்றன.]

இது மல்லாவியிலிருந்து வந்த மடிக்கணினி. ஆசிரியை ஒருவருடையது. சத்தம் எதுவும் இல்லை. ஆனால் திறப்பதற்குப் பத்து நிமிடம் எடுக்கிறது, கோப்பைப் பிரதி எடுத்தால் பாதியில் உறைந்துவிடுகிறது. இப்படி மெதுவாகச் சாகும் வட்டுகள்தான் அதிகம். நமக்கு நேரம் தருபவையும் அவைதான்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. வரிசையில் 05, சி5 ஆகிய இரண்டையும் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். இந்த வட்டில் இரண்டும் ஏறியிருக்கின்றன. சி7 மட்டும் ஏறியிருந்தால் வட்டைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். வட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் நாடா வயர் பழுதாக இருக்கலாம். அதைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள், தேவையென்றால் வயரை மாற்றுங்கள்.

இனி, செய்யக்கூடாதவை. விண்டோஸில் வட்டைச் சோதிக்கும் செக் டிஸ்க் கருவியை ஓட்ட வேண்டாம். அது வட்டு முழுவதையும் உழுது, கோப்புகளின் அட்டவணையைத் திருத்தப் பார்க்கும். சாகப்போகும் வட்டுக்கு அது தாங்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். நம் வெக்கையில் வெளியே எடுத்ததும் உள்ளே நீர் வியர்த்துவிடும். மூடியைத் திறந்து பார்க்கவே வேண்டாம். ஏ9 வீதியோரக் கடைக்குள் பறக்கும் புழுதியில் ஒரு துகள் போதும், முனை முறிந்துவிடும்.

[திரை: வெளியே எடுத்த வட்டு யுஎஸ்பி இணைப்பியில் பொருத்தப்பட்டு வேறொரு கணினியில் செருகப்படுகிறது.]

வட்டைக் கழற்றுவதற்கு முன் மின்கலத்தின் இணைப்பை எடுத்துவிடுங்கள். பிறகு வட்டை வேறொரு கணினியில் இணைத்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியால் முழுப் பிரதி எடுக்கிறோம். பிரதி போகும் இடம் பழைய வட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இந்தக் கருவி முதலில் சுலபமாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் பகுதிகளை விட்டுவிட்டு, கடைசியில்தான் அவற்றிடம் திரும்பி வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வரைபடக் கோப்பு. எதை எடுத்தாயிற்று, எது மிச்சம் என்று அதில் எழுதிக்கொண்டே போகும். கட்டளையில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுக்க மறக்காதீர்கள். நடு இரவில் மின்சாரம் போனாலும், மறுநாள் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வேலை செய்யும் எங்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

சத்தம் போடும் வட்டு என்றால் இதையும் வீட்டில் முயல வேண்டாம். உள்ளே இருப்பது உங்களுக்கு உயிரானது என்றால், தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்கு அப்படியே அனுப்புங்கள்.

[திரை: பழைய வட்டும் புதிய எஸ்எஸ்டியும் அருகருகே.]

புதியதாக எஸ்எஸ்டி வாங்குங்கள், அது சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு. சுழலும் தட்டு இல்லை, முனை இல்லை, மோட்டார் சைக்கிளில் மாங்குளம் வரை குலுங்கிப் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய மடிக்கணினிக்கு 2.5 அங்குல சாட்டா இணைப்பு வகை பொருந்தும். அதன் தடிப்பு 7 மில்லிமீற்றர். பழைய வட்டு 9.5 மில்லிமீற்றராக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும். பழைய வட்டைச் சுற்றியிருக்கும் உலோகச் சட்டத்தை எறிந்துவிடாதீர்கள், புதியதும் அதில்தான் உட்காரும். கணினி புதியதென்றால் மெல்லிய எம்.2 அட்டையாக இருக்கும். அதிலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். மாதிரி இலக்கத்தை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

[திரை: பென் டிரைவ். தரவிறக்கம் ஓடுகிறது.]

இனி இயங்குதளம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று முடித்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இந்த ஆசிரியையின் கணினி ஆறாம் தலைமுறை. ஆகவே லினக்ஸ் மின்ட் போடுகிறோம். கடிதம், பரீட்சைத்தாள், இணையம், வீடியோ எல்லாவற்றுக்கும் அது போதும். ஏற்கனவே உடைத்த விண்டோஸைக் குறைந்த விலைக்குப் போட்டுத் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள். பூட்டை உடைத்தவர் உள்ளே என்ன வைத்துவிட்டுப் போனார் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் கணினி விண்டோஸ் 11ஐத் தாங்குமென்றால், பழைய உரிமம் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். எண்மிய உரிமம் தாய்ப்பலகையோடு கட்டப்பட்டது, வட்டோடு அல்ல. நிறுவும்போது சாவி இல்லை என்பதைத் தெரிவுசெய்து, முன்பிருந்த அதே பதிப்பைப் போடுங்கள். இணையத்தில் சேர்ந்ததும் தானே உயிர்பெறும்.

இயங்குதளத்தின் நிறுவல் கோப்பைத் தரவிறக்கி ஏற்ற, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று தேவை. அதில் இருப்பவை அழிந்துவிடும். தரவிறக்கம் சில ஜிபி வரும் என்பதால் இரவு நேர டேட்டாவில் எடுப்பது நல்லது. மின்கலத்தை நிரப்பிவிட்டு, பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள். அதற்கான விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9. வைஃபை வேலை செய்யாவிட்டால் கைத்தொலைபேசியை யுஎஸ்பி வயரால் இணைத்து இணையத்தைப் பகிருங்கள்.

[திரை: திறக்கப்பட்ட ஒரு பரீட்சைத்தாள். முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.]

இதைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள். கோப்பு சிதைந்துவிட்டது என்று அழித்தும் விடுகிறார்கள். சிதையவில்லை. இது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டும் பழைய முறை. எழுத்துரு கணினியில் இல்லையென்றால் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகள் வெளியே தெரியும். நம் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் இருபது வருட உழைப்பு இந்த வடிவில் கிடக்கிறது. மீட்ட பிரதியில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்துப் புதிய கணினியில் நிறுவுங்கள்.

[திரை: அதே தாள், இப்போது தமிழில்.]

புதிதாக எழுதுவதை இனி, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள பொது முறையான யுனிகோடில் எழுதுங்கள். அப்போது எந்தக் கைத்தொலைபேசியிலும் திறக்கும்.

எஸ்எஸ்டியும் ஒருநாள் பழுதாகும், அதுவும் சத்தமே போடாமல். ஆகவே மீட்ட கோப்புகளை வேறொரு வெளி வட்டிலும் வைத்து, அதை இன்னொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். படங்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று உரியவர் உட்கார்ந்து பார்த்து முடிக்கும்வரை பழைய வட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அதன்பின் எறிவதென்றால் துளையிட்டு எறியுங்கள். பல மடிக்கணினி வட்டுகளின் தட்டு கண்ணாடியால் ஆனது, நொறுங்கித் தெறிக்கும். தடித்த துணியால் சுற்றி, கண்ணுக்குக் காப்பு அணிந்துகொண்டு துளையிடுங்கள்.