வாசுகியின் 27 முள்ளெலும்புகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சிவபெருமானின் கழுத்தை அணி செய்வதாகவும், பாற்கடலைக் கடைந்தபோது மந்தரமலைக்குக் கயிறானதாகவும் நாம் கேட்டு வளர்ந்த வாசுகியின் பெயர், உண்மையாகவே வாழ்ந்து மறைந்த ஒரு பாம்புக்கு 2024 ஏப்ரலில் சூட்டப்பட்டது. வாசுகி இண்டிகஸ் என்னும் அந்தப் பாம்பு ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இயோசீன் காலத்தில், இன்றைய குஜராத்தின் கட்ச் பகுதியின் கடலோரச் சதுப்பு நிலத்தில் வாழ்ந்தது.

நம் நெய்வேலியில் எடுப்பது போன்ற பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்கும் கட்ச்சின் பானந்த்ரோ சுரங்கத்தில், 2005ஆம் ஆண்டு முதுகுத்தண்டின் 27 முள்ளெலும்புகள் கிடைத்தன. சில எலும்புகள் ஒன்றோடொன்று கோத்தபடியே இருந்தன. முதலையின் எலும்புகள் என்று கருதப்பட்டதால் அவை பல ஆண்டுகள் ஆய்வகத்திலேயே கிடந்தன. ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுனில் பாஜ்பாயும் தேபஜித் தத்தாவும் அவற்றை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோதுதான் அவை ஒரு பாம்பினுடையவை என்பது தெளிவாயிற்று. அந்த முதல் கணிப்பை நான் பிழையென்று சொல்லமாட்டேன். 11 சென்டிமீட்டர் வரை அகலமுள்ள முள்ளெலும்பைக் கண்டதும் பாம்பை நினைப்பவர் யார்? ஆனால் பாம்பின் முள்ளெலும்பில், பின்னால் வரும் எலும்பின் முன்புறத்து முனையொன்று முன்னுள்ள எலும்பின் பின்புறக் குழிக்குள் பொருந்தும் கூடுதல் மூட்டு உண்டு. முதலைக்கு அது கிடையாது. ஒட்டியிருக்கும் பாறைத் துகள்களைப் பொறுமையாக அகற்றிப் பார்ப்பவருக்கே இத்தகைய நுட்பங்கள் தென்படும் என்பதால், களத்தில் வெயிலில் நின்று எடுப்பவரின் உழைப்புக்கு ஈடாக மேசையில் குனிந்து துப்புரவு செய்பவரின் உழைப்பையும் நான் மதிக்கிறேன்.

நீளத்தைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். இன்றைய பாம்புகளில் முள்ளெலும்பின் அளவுக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு இரு முறைகளில் கணக்கிட்டனர். ஒன்று சுமார் 11 முதல் 12 மீட்டர் என்றது. மற்றொன்று 15 மீட்டரை எட்டியது. கொலம்பியாவில் கண்டெடுத்து 2009இல் அறிவித்த டைட்டனோபோவா என்னும் பழங்காலப் பாம்பின் நீளம் சுமார் 13 மீட்டர் என்பதால், உலகின் மிகப்பெரிய பாம்பு இதுவே என்று நாளிதழ்கள் எழுதியதை அப்படியே ஏற்பதற்கில்லை.

பாம்புகள் குளிர் இரத்த உயிர்கள். சுற்றுப்புற வெப்பம் போதாவிட்டால் இவ்வளவு பெரிய உடலைத் தாங்க இயலாது. ஆகவே அன்றைய கட்ச்சின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்திருக்கும் என்று இந்த எலும்புகளைக் கொண்டே மதிப்பிட்டுள்ளனர். வெப்பமானி இல்லாத காலத்துக்கு ஒரு பாம்பின் முதுகு வெப்பமானியாக வாய்த்திருக்கிறது!

மட்சோயிடே என்னும் இப்பாம்புக் குடும்பம் கோண்டுவானா என்னும் பண்டைய தென் பெருங்கண்டத்தின் நிலப்பரப்புகளில் பரவலாக வாழ்ந்தது. அதன் பேருருவப் பாம்புகள் இந்தியாவில் தோன்றி, தெற்கு யூரேசியா வழியாக வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. இக்குடும்பத்தின் கடைசிப் பாம்புகள் ஆஸ்திரேலியாவில் பிளைஸ்டோசீன் என்னும் பனியுகக் காலத்தின் பிற்பகுதி வரை வாழ்ந்திருந்தன.