மைஎஸ்க்யூஎல் போடுறது ஒரு வரி, எடுக்குறதுதான் வேலை

வணக்கம் மக்களே. இன்னைக்கு உபுண்டு 24.04 லினக்ஸ்ல மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ் சர்வரைப் போட்டு, அதையே முழுசா எடுக்கவும் போறோம். போடுறதுல பேச ஒண்ணுமில்ல. சுடோ ஆப்ட் அப்டேட், அப்புறம் சுடோ ஆப்ட் இன்ஸ்டால் மைஎஸ்க்யூஎல்-சர்வர். சர்வீஸ் தானா ஓட ஆரம்பிச்சிடும். 3306 போர்ட், லோக்கல்ஹோஸ்ட்டுக்கு, அதாவது இந்த மெஷினுக்குள்ள மட்டும். டெபியன் வச்சிருக்கவங்க, மைஎஸ்க்யூஎல்லேர்ந்து பிரிஞ்ச மரியாடிபியைப் போட, மரியாடிபி-சர்வர்னு அடிங்க, அங்க 2017ல வந்த டெபியன் 9லேர்ந்து அதுதான் டிஃபால்ட்.

பாஸ்வேர்டே கேக்கலையேன்னு பார்க்குறீங்களா? கேக்காது. உபுண்டுல மைஎஸ்க்யூஎல் ரூட்டுக்கு, அதாவது அட்மின் யூசருக்கு, ஆத்-சாக்கெட்தான். பாஸ்வேர்டுக்குப் பதிலா லினக்ஸ்ல நீங்க யாருன்னு பார்க்குற முறை அது. லினக்ஸ்லயும் நீங்க ரூட்டா வந்தா உள்ள விடும். அதனால சுடோ மைஎஸ்க்யூஎல்னு அடிங்க. சுடோ இல்லாம ரூட்டா நுழைய பார்த்தா 1698னு எரர் வரும். இதைப் பார்த்துட்டுத்தான் முக்காவாசி பேர் "எடுத்துட்டு மறுபடி போடுவோம்"னு இறங்குறாங்க. அவசியமே இல்ல!

சரி, நிஜமாவே எடுக்கணும்னு வைங்க. ஸ்க்ரீனைப் பாருங்க. சுடோ ஆப்ட் ரிமூவ் மைஎஸ்க்யூஎல்-சர்வர்னு அடிக்கிறேன். முடிஞ்சதுன்னு சொல்லுது. இப்போ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மைஎஸ்க்யூஎல்... பச்சைக் கலர்ல "ஆக்டிவ், ரன்னிங்". சர்வர் ஜம்முனு ஓடுது! ஏன்னா நாம எடுத்தது வெறும் மெட்டா பேக்கேஜ், எந்தெந்த பேக்கேஜ் வேணும்னு சொல்ற லிஸ்ட் மட்டும்தான். மளிகை லிஸ்ட்டைக் கிழிச்சுட்டா வாங்கின சாமான் காணாமப் போயிடுமா என்ன? நிஜ பேக்கேஜ் பேரு மைஎஸ்க்யூஎல்-சர்வர்-8.0. அதைத்தான் எடுக்கணும்.

அதையும் ரிமூவ் பண்ணிட்டு டிபிகேஜி மைனஸ் எல் அடிச்சுப் பாருங்க. முன்னாடி "ஐஐ"ன்னு இருந்த வரி இப்போ "ஆர்சி"ன்னு இருக்கு. ப்ரோக்ராம் போயிடுச்சு, கான்ஃபிக் இருக்குன்னு அர்த்தம். ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரும் அப்படியே இருக்கு. சுடோ போட்டு எல்எஸ் அடிங்க, இல்லன்னா பெர்மிஷன் டினைடுன்னுவான். பாருங்க, ஐபிடேட்டா1ங்கிற டேட்டா ஃபைல் இருக்கு, ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கு. யூசர், பாஸ்வேர்டு எல்லாமும் இதுக்குள்ளதான். மறந்த பாஸ்வேர்டு ரீஇன்ஸ்டால் பண்ணாலும் மாறாம இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். புது சர்வர் பழைய ஃபோல்டரைத்தான் எடுத்துக்குது.

முழுசா போகணும்னா ரிமூவ் இல்ல, பர்ஜ். ஆனா அதுக்கு முன்னாடி டம்ப், அதாவது டேட்டாபேஸோட பேக்கப் ஃபைல், எடுத்துடுங்க, சர்வர் ஓடிட்டிருக்கும்போதே. என்னோட சேர்ந்து ரிமூவ் பண்ணிட்டீங்கன்னா முதல்ல மறுபடி இன்ஸ்டால் பண்ணிக்கோங்க. சுடோ மைஎஸ்க்யூஎல்டம்ப், ரெண்டு மைனஸ் சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன், ரெண்டு மைனஸ் ரொட்டீன்ஸ், ரெண்டு மைனஸ் டேட்டாபேஸஸ், உங்க டேட்டாபேஸ் பேரு, அப்புறம் > குறி போட்டு சேமிக்கவேண்டிய ஃபைல் பேரு. ரொட்டீன்ஸை விட்டா ஸ்டோர்டு ப்ரொசீஜர், அதாவது டேட்டாபேஸுக்குள்ளயே எழுதி வச்ச ப்ரோக்ராம், எதுவும் டம்ப்ல வராது. முடிஞ்சதும் ஃபைலோட கடைசி வரியை டெய்ல் போட்டுப் பாருங்க. "டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்"னு தேதியோட இருக்கணும். இல்லன்னா பாதியில அறுந்துபோச்சுன்னு வைங்க, திரும்ப எடுங்க.

இப்போ சுடோ ஆப்ட் பர்ஜ் மைஎஸ்க்யூஎல்-சர்வர்-8.0. நடுவுல ஒரு கட்டம் வரும், டேட்டாபேஸ் எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்கும். என்டரைத் தட்டிட்டே போற கை இங்க நிக்கணும். எஸ் குடுத்தா மொத்தமும் போச்சு, ரீசைக்கிள் பின்லாம் கிடையாது. மிச்சம் மீதிக்கு ஆட்டோரிமூவ்.

சில பேர் மைஎஸ்க்யூஎல்னு போட்டு பக்கத்துல ஒரு ஸ்டாரைப் போட்டு பர்ஜ் பண்ணுவாங்க. வேணாம். அது மைஎஸ்க்யூஎல்-காமன்ங்கிற பொது கான்ஃபிக் பேக்கேஜையும் சேர்த்துத் தூக்கும், அதை நம்பியிருக்கிற வேற சாஃப்ட்வேரும் கூடவே கிளம்பிடும். பண்ணியே தீருவேன்னா ஆப்ட்-கெட்டுக்கு மைனஸ் எஸ் குடுத்து ஒத்திகை பாருங்க. எதையும் தொடாது, லிஸ்ட் மட்டும் காட்டும். அதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொரு டேட்டாபேஸ் சர்வரான போஸ்ட்கிரெஸ் கதை கொஞ்சம் வேற. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி க்ளஸ்டர், அதாவது தனி டேட்டாபேஸ் தொகுப்பு, பிஜி அண்டர்ஸ்கோர் எல்எஸ்க்ளஸ்டர்ஸ் அடிச்சா காட்டும். எடுக்க பிஜி அண்டர்ஸ்கோர் டிராப்க்ளஸ்டர். டேட்டா, கான்ஃபிக் ரெண்டையும் சேர்த்து அழிச்சிடும், மைஎஸ்க்யூஎல் மாதிரி கட்டம் போட்டுக் கேக்கவும் செய்யாது. அதைத் தனி வீடியோவா போடுறேன். வரட்டா!