விடியும்வரை ஒரு பதிவு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஆவணப்படத் தொழிலுக்கு வர நினைக்கும் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்பதைத்தான். கேமராவை வாடகைக்கு எடுங்கள். கைக்காசில் ஒலிப்பதிவுக் கருவி வாங்குங்கள். படம் சற்று மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்.

பயிற்சிக்கு வெளியூர் தேட வேண்டாம். வடாற்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்து போதும். இரவு தொடங்கினால் விடியும்வரை. அதை ஒழுங்காகப் பதியத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் பாதி கைவந்துவிட்டது.

மைக்செட்காரரிடம் நேரடி இணைப்பு வாங்கலாம். அதை மட்டும் நம்பினால் மோசம். மைக்குக்குப் பக்கத்திலுள்ள ஆர்மோனியமும் முகவீணை என்னும் ஊதுகருவியும் காதைப் பிளக்கும், சலங்கை அமுங்கிவிடும். ஆகவே களத்தோரம் தனி மைக் ஒன்று வையுங்கள், அதன் முதுகு ஒலிபெருக்கியைப் பார்த்திருக்கட்டும். சாதாரணப் பேச்சு உச்ச அளவுக்கு 12 டெசிபல் கீழே நிற்கட்டும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் திடீரென்று குரல் உயர்த்தினாலும் ஒலி சிதையாது. கேமராவும் ஒலிக்கருவியும் நேரத்தைத் தனித்தனியே கணக்கிடுவதால், நெடுநேரம் ஓடினால் உதடும் குரலும் விலகும். மணிக்கு ஒருமுறை இரண்டுக்கும் முன்னால் கை தட்டி அடையாளம் வையுங்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி. அதையே 1/60 ஆக வைத்தால் சில விளக்குகளின் வெளிச்சத்தில் படத்தின் மேல் பட்டை ஓடும். எடிட்டிங்கில் அதை நீக்குவது பெரும்பாடு.

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். எட்டு மணி நேரக் கூத்துக்கு 360 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.

திருவிழாவின் கடைசி நாள், துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளம் பகல் வெயிலில் நடக்கும். லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் இல்லாவிட்டால் மண்ணில் கிடத்திய துரியோதனன் உருவம் வெளுத்துப்போகும். இன்னொரு முறை செய்யச் சொல்லக் கூடாது, அது வழிபாடு.

வேலூர்க் கோட்டைக்குள் படமெடுக்க இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஆட்டக்காரர்களிடம், படம் எதற்கு, எங்கே காட்டப்படும் என்று தமிழில் எழுதி வாசித்துக் காட்டி, அரிதாரம் பூசுமுன்பே கையெழுத்து வாங்குங்கள். விடிந்தால் அவர்கள் அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிடுவார்கள்.