எட்டாம் இடத்துக்குக் கிடைத்த ஒரு புள்ளி

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை, பேசப்போவதே இரைச்சலைப் பற்றித்தானே.

கார்ப் பந்தயம் என்றால் நம் மனதில் வருவது ஃபார்முலா ஒன்தான். வளைந்து வளைந்து போகும் ஒரே தடம், இருபது சொச்சம் வண்டி, முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் முந்தினால் கைதட்டல். ராலியில் அது கிடையாது. ஒரு வண்டி கிளம்பி ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத்தான் அடுத்தது கிளம்பும், காட்டுப் பாதையிலோ மலைச் சாலையிலோ தனியாக ஓட வேண்டும், எதிராளி எவ்வளவு வேகமாகப் போனான் என்பது ஸ்டேஜ், அதாவது நேரம் கணக்கிடும் ஒரு பாதைத் துண்டு, முடிந்து நேரத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். ஒரு வருடம் முழுக்க ஒருவரோடு சண்டை போட்டுவிட்டு, ஓடும்போது அவர் வண்டியின் பின்புறத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருக்கலாம். இப்படி ஒருவரையொருவர் பார்க்காமல் நடக்கும் சண்டையில் பகை எங்கே இருக்கிறது? இன்றைக்கு அதைத்தான் பேச நினைத்தேன், அதற்கு நான் எடுத்துக்கொண்டது 2003-ஆம் வருட உலக ராலி சாம்பியன்ஷிப்.

அதற்கு முன் ஒரு விஷயம். வண்டியில் இரண்டு பேர். ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல் நோட்டைப் படிக்கிறவர் இன்னொருவர். ராலிக்கு முன்பே இருவரும் அந்தப் பாதையில் மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவையும் எழுதி வைத்திருப்பார்கள். "இடது நாலு, நூறு மீட்டர், மேடு, ஏறியதும் வலது மூன்று, உள்ளே போகப் போக இறுகும், உள்பக்கம் கல், வெட்டாதே" என்று மூச்சு விடாமல் காதில் ஓடிக்கொண்டே இருக்கும்; அந்த எண்கள் வளைவு எவ்வளவு கூர்மை என்பதற்கு. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. காது சொன்னதை நம்பி, பிரேக்கைத் தொடாமல் தாண்டுகிறார். நான் முதன்முதலில் டிவியில் உள்ளே இருந்து எடுத்த படத்தைப் பார்த்தபோது ஓட்டுகிறவரைவிடப் படிக்கிறவரைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். டவுன் பஸ்ஸில் செய்தித்தாள் படித்தாலே எனக்குத் தலை சுற்றும்.

சரி, 2003. மொத்தம் 14 ராலி. அந்த வருடம் புள்ளி கொடுக்கும் முறையையும் மாற்றினார்கள். அதுவரை முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி, 10, 6, 4 என்று இறங்கும். 2003-இலிருந்து எட்டுப் பேருக்கு, 10, 8, 6, 5, 4, 3, 2, 1. ஜெயித்தவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் நடுவில் இரண்டே புள்ளி என்பதால், அடிக்கடி ஜெயிக்காவிட்டாலும் விடாமல் புள்ளி சேர்க்கிறவருக்கு அது நல்ல காலம்.

அப்படிச் சேர்த்தவர் ரிச்சர்ட் பர்ன்ஸ். இங்கிலாந்துக்காரர், 2001-இன் சாம்பியன், இப்போது பெஜோ வண்டியில். துருக்கி ராலி முடிந்ததும் அட்டவணையின் உச்சிக்குப் போனவர் அக்டோபர் வரைக்கும் இறங்கவே இல்லை. அந்த வருடம் அவர் ஜெயித்த ராலி எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை. இரண்டாமிடம், மூன்றாமிடம், நாலாமிடம், மறுபடி மூன்றாமிடம். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருந்தது உண்மை, எனக்கும்தான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. புள்ளியில் முன்னால் நிற்பவர்தான் ராலியின் முதல் நாளில் முதலில் கிளம்ப வேண்டும். மண் சாலையில் முதலில் போகிறவனுக்குக் கிடைப்பது உதிரிச் சரளை, பின்னால் வருகிறவர்களுக்கு அவன் பெருக்கிவிட்ட கெட்டித் தரை. சாம்பியன்ஷிப்பில் முன்னால் இருப்பதற்குப் பரிசு துடைப்பம். மாதக்கணக்கில் அந்தத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே மனிதர் மூன்றாமிடம் வந்துகொண்டிருந்தார்.

மற்றவர்களைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் சிட்ரோயனிடம் மூன்று பேர். ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸ், 1990-லும் 1992-லும் சாம்பியன், வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. ஸ்காட்லாந்தின் காலின் மெக்ரே, 1995-இன் சாம்பியன், ஒன்று ஜெயிப்பார் அல்லது உருட்டுவார். மூன்றாவது ஆள் செபாஸ்டியன் லோப், ஒரு காலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்துகொண்டிருந்தவர், அப்புறம் எலக்ட்ரீஷியன். வருடத்தின் முதல் ராலியான மான்டே கார்லோவில் இந்த மூன்று பேரும் வரிசையாக முதல் மூன்று இடத்தையும் அள்ளினார்கள், அதிலும் முதலிடம் இந்த எலக்ட்ரீஷியனுக்கு. சுபாருவில் நார்வேயின் பெட்டர் சோல்பெர்க், எப்போதும் சிரித்த முகம், கேமராவைக் கண்டால் விட மாட்டார், அதனாலேயே 'ஹாலிவுட்' என்று பட்டப்பெயர். பெஜோவில் பர்ன்ஸுக்குத் துணையாக நடப்பு சாம்பியன் மார்கஸ் குரோன்ஹோம். மூன்று ராலி ஜெயித்தார், ஆனால் பாதியில் நின்றது அதைவிட அதிகம், ஆகவே கணக்கில் இல்லை.

ஃபோர்டில் எஸ்டோனியாவின் மார்க்கோ மார்ட்டின். இவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிரேக்கத்தின் அக்ரோபோலிஸ் ராலி, ஜூன் மாதம், கல்லும் வெயிலும். ஒரு ஸ்டேஜின் நடுவே அவர் ஃபோகஸின் பானெட் திறந்துகொண்டு கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டது. முன்னால் ஒன்றும் தெரியாது. கீழே ஒரு சின்ன இடுக்கு, தபால் பெட்டியின் வாய் மாதிரி, அதன் வழியாகத் துளி சாலை தெரிகிறது. மார்ட்டின் நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த மைக்கேல் பார்க் நோட்டைப் படிப்பதை நிறுத்தவில்லை. இடது, வலது, நூறு மீட்டர் என்று குரல் போக, கை அதன் பின்னாலேயே போக, இடுக்கு வழியாகப் பார்த்தபடியே ஸ்டேஜை முடித்தார்கள். அந்த ராலியையும் அவர்கள்தான் ஜெயித்தார்கள். மார்ட்டினுக்கு உலக ராலியில் அது முதல் வெற்றி. பார்க்கின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் ஜெர்மனி. லோப் ஜெயித்தார், குரோன்ஹோமைவிட வெறும் 3.6 விநாடி முன்னால். மூன்று நாள் ஓடிவிட்டு 3.6 விநாடி! எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அதே ராலியில் சோல்பெர்க்கின் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. அவர் எட்டாவது, ஒரு புள்ளி. முந்தைய வருடமாக இருந்தால் அந்த இடத்துக்குப் பூஜ்யம்.

இலையுதிர் காலம் வந்ததும் பர்ன்ஸ் சரியத் தொடங்கினார். ஆஸ்திரேலியா முடிந்தபோது அவருக்கு 55 புள்ளி, சோல்பெர்க்குக்கும் சைன்ஸுக்கும் 48, லோபுக்கு 45. அடுத்த மூன்று ராலியில் பர்ன்ஸுக்குக் கிடைத்தது மூன்றே புள்ளி. அதற்குள் மற்ற மூவரும் தாண்டிவிட்டார்கள்.

கார்சிகா தீவில் நடந்ததை நான் இன்னும் மெக்கானிக்குகளின் வெற்றி என்றுதான் சொல்வேன். ராலிக்கு முன்பு வண்டியைச் சோதித்துப் பார்க்கும் ஓட்டத்திலேயே சோல்பெர்க் தன் சுபாரு இம்ப்ரேசா வண்டியை மோசமாக இடித்துக்கொண்டார். பார்த்தவர்கள், இந்த வண்டி நாளைக்கு ஓடாது என்றுதான் நினைத்திருப்பார்கள். சுபாருவின் ஆட்கள் இரவெல்லாம் உட்கார்ந்து நிமிர்த்தினார்கள். காலையில் வண்டி கிளம்பியது. தார்ச் சாலையில் லோப்தான் ராஜா என்று எல்லோரும் எழுதி வைத்திருந்த ராலியில், மழையோடு மழையாக சோல்பெர்க் ஜெயித்தார். லோப் பதின்மூன்றாவது, கையில் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரமே ஸ்பெயினில் கேட்டலோனியா. லோப் முன்னணியில் இருந்தார். கடைசி நாளில் மழை வந்தது, டயர் விஷயத்தில் கணக்குத் தப்பியது, பெஜோவின் ஜில் பனிசி தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார். பனிசிக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் லோப் இழந்தது இரண்டு புள்ளி. அந்த இரண்டை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆக நவம்பரில் கடைசி ராலிக்காக வேல்ஸுக்கு வந்தபோது நிலவரம் இது: சைன்ஸ் 63, லோப் 63, சோல்பெர்க் 62, பர்ன்ஸ் 58. நாலு பேரில் யார் வேண்டுமானாலும் சாம்பியன் ஆகலாம்.

ராலி தொடங்குவதற்கு முன்பே ஒருவர் குறைந்தார். பர்ன்ஸ் தன் காரில் வேல்ஸை நோக்கி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார், பக்கத்தில் நண்பர் ஒருவர். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பர்ன்ஸுக்கு நினைவு தப்பியது. பக்கத்தில் இருந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து வண்டியைப் பத்திரமாக ஓரத்துக்குக் கொண்டுவந்தார். அந்த நண்பர் யார் என்றால் நம் பானெட்காரர், மார்க்கோ மார்ட்டின். வேறு அணி, வேறு வண்டி, வருடம் முழுக்க நேரத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். எதிராளியின் காரில் பயணியாக உட்கார்ந்து வருகிற விளையாட்டு இது. பர்ன்ஸ் ராலியிலிருந்து விலகினார். பரிசோதனையில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. அதன் பிறகு அவர் எந்த உலக ராலியிலும் ஓடவில்லை.

இரண்டாவதாகக் குறைந்தவர் சைன்ஸ். பாதை விட்டு விலகி வெளியேறினார். இப்போது மாதிரி மறுநாள் தண்டனை நேரத்தோடு திரும்பி வரும் ஏற்பாடெல்லாம் அன்றைக்குக் கிடையாது, போனால் போனதுதான். பாவம் அந்த மனிதருக்கும் வேல்ஸுக்கும் என்ன கணக்கோ. 1998-இல் இதே ராலியில், கடைசி ஸ்டேஜின் கடைசி சில நூறு மீட்டர், அப்படியே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தாலும் சாம்பியன், அங்கே டொயோட்டாவின் எஞ்சின் புகைந்து நின்றது. அவருக்கு நோட்டுப் படிக்கும் கோ-டிரைவர் லூயிஸ் மோயா இறங்கித் தன் ஹெல்மெட்டாலேயே பின்கண்ணாடியை உடைத்தார். பட்டம் டாமி மாக்கினெனுக்குப் போனது. அவரோ அந்த ராலியில் ஏற்கெனவே வண்டி உடைந்து வெளியேறியிருந்தார்.

மிச்சம் சோல்பெர்க்கும் லோபும். இங்கே சிட்ரோயன் அணித் தலைவர் கீ ஃப்ரெக்லின் ஒரு முடிவெடுத்தார். சைன்ஸ் போய்விட்டார், லோபும் சேற்றில் சறுக்கி மரத்தில் மோதினால் நிறுவனங்களுக்கான பட்டமும் பெஜோவிடம் போய்விடும். ஆகவே லோபுக்கு உத்தரவு: துரத்தாதே, இரண்டாமிடத்தைக் காப்பாற்று. லோப் அதன்படியே ஓட்டினார். சிட்ரோயனுக்கு முதல் நிறுவனப் பட்டம் கிடைத்தது. கணக்குப்படி ஃப்ரெக்லின் செய்தது சரிதான், ஆனால் பார்வையாளனாக எனக்கு இன்றைக்கும் அது தொண்டையில் முள். விட்டுப் பார்த்திருக்கலாமே!

சோல்பெர்க் ஜெயித்து 72. லோப் இரண்டாவது, 71. சோல்பெர்க்கின் பக்கத்தில் நோட்டுப் படித்த ஃபில் மில்ஸ் வேல்ஸ்காரர், சொந்த ஊரில் உலக சாம்பியன். மூன்றாவதாக வந்தவர் சுபாருவின் மாக்கினென், அதுதான் அவருடைய கடைசி ராலி.

ஒரு புள்ளி. ஜெர்மனியில் எட்டாவதாக வந்து வாங்கினாரே, அந்த ஒன்று. பழைய முறையாக இருந்திருந்தால் லோப்தானே ஜெயித்திருப்பார் என்று நீங்கள் கேட்கலாம், நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பழைய முறைப்படி சோல்பெர்க் 59, லோப் 57. வித்தியாசம் கூடத்தான் செய்கிறது! மாறாக, கேட்டலோனியாவில் பனிசி போக்கிய அந்த இரண்டு புள்ளியைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், லோப் 73, சோல்பெர்க் 72.

லோபுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. 2004 முதல் 2012 வரை ஒன்பது வருடம் யாரையும் பட்டத்தின் பக்கம் அண்ட விடவில்லை. சோல்பெர்க்குக்கு மறுபடி பட்டம் வாய்க்கவே இல்லை.

ஆனால் நான் முதலில் கேட்ட கேள்விக்கு 2005-ஐயும் சொல்ல வேண்டும். செப்டம்பர், அதே வேல்ஸ் காடு. கடைசி நாளில் மார்ட்டினின் வண்டி மரத்தில் மோதியது. நோட்டைப் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் பார்க் இறந்துபோனார். மிச்ச ஸ்டேஜ்களை ரத்து செய்துவிட்டார்கள். அப்போது முன்னணியில் இருந்தவர் லோப், அந்த ராலி கையில் வந்தால் அன்றைக்கே அந்த வருடப் பட்டமும் வந்துவிடும். ராலியில் ஒவ்வொரு கட்டுப்பாட்டு மேசைக்கும் குறித்த நிமிடத்தில் போய் நிற்க வேண்டும், தாமதமாகப் போனாலும் தண்டனை, முன்கூட்டிப் போனாலும் தண்டனை. லோப் வேண்டுமென்றே முன்கூட்டிப் போய் நின்றார். இரண்டு நிமிடம் தண்டனை, மூன்றாமிடம். முதலிடம் சோல்பெர்க்குக்குப் போனது. அவர் அதைக் கொண்டாடவில்லை. மார்ட்டின் அதன் பிறகு உலக ராலிக்குத் திரும்பவில்லை. நவம்பர் 25-ஆம் தேதி ரிச்சர்ட் பர்ன்ஸ் இறந்தார், வயது 34. அவர் உலக சாம்பியன் ஆனதும் ஒரு நவம்பர் 25-இல்தான், அன்றைக்குச் சரியாக நாலு வருடம்.