புகையை எந்தச் சட்டம் பிடிக்கிறது?

அவையோருக்கு வணக்கம். சிங்கப்பூரில் காற்றைக் காக்கும் சட்டம் எது என்று கேட்டால், பலரும் எல்லை தாண்டிவரும் புகைக்கான புகைமூட்டச் சட்டத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் அன்றாட வேலையைச் சுமப்பது 1999-இல் நடப்புக்கு வந்த சுற்றுப்புறப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும்.

அவற்றுக்கும் முன்னால் நிலத் திட்டம் நிற்கிறது. தொழில் எவ்வளவு மாசு தரும் என்பதைப் பொறுத்து, இலகுவகைத் தொழிலென்றால் வீடுகளிலிருந்து 50 மீட்டர், பொதுவகைக்கு 100, சிறப்புவகைக்கு 500 மீட்டர் இடைவெளி வேண்டும். இங்கே கோட்டைவிட்டால், பிறகு புகைபோக்கியில் எத்தனை வடிகட்டி மாட்டினாலும் அக்கம்பக்கத்துப் புகார் ஓயாது. என்னைக் கேட்டால், நீதிமன்றமே போகாத இந்தக் கட்டுப்பாடுதான் எல்லாவற்றிலும் வலுவானது.

அடுத்தது எரிபொருள். டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக்கூடாது. கந்தகம் மிகுந்தால் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியே கெட்டுவிடும். அதனால்தான் எரிபொருள் விதி 2013-இல் முந்திக்கொண்டது. வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் ஐரோப்பியத் தரங்களில், டீசல் வண்டிகளுக்கு யூரோ 5 தரம் 2014-இலும், யூரோ 6 தரம் 2018-இலும் வந்தன. தரமான வண்டியும் சும்மா நிற்கும்போது இன்ஜினை ஓடவிட்டால் குற்றம்தான். தேக்காவில் சரக்கு இறக்கும் வேன்காரர்களுக்கு இது தெரியும், ஆனாலும் ஏர்கான் விடமாட்டேன் என்கிறது!

இனி எல்லை தாண்டும் புகை. 2013 ஜூன் 21-இல் காற்று மாசைக் காட்டும் PSI எனும் குறியீடு, 3 மணிநேர அளவில் 401-ஐத் தொட்டது. மறு ஆண்டே புகைமூட்டச் சட்டம் வந்தது. குறியீடு 101-க்குக் குறையாமல் 24 மணிநேரம் நீடித்தால் அது புகைமூட்டத் தூய்மைக்கேடு. அதே வேளையில் வெளிநாட்டில் ஒரு நிலம் எரிய, புகை இங்கு நோக்கி வருவதைத் துணைக்கோளப் படமும் காற்றின் திசையும் காட்டினால், அந்தத் தீயே காரணமென்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்று நிறுவுவது அந்த நிலத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பாடு. சிக்கல் வரைபடத்தில்தான்: எரிந்த நிலம் யாருடையது என்பதில் ஒரு வரைபடம் ஒன்றைச் சொல்லும், மற்றொன்று வேறொன்றைச் சொல்லும். வெளிநாட்டில் இருக்கும் இயக்குநரை இங்கிருந்தபடி இழுத்துவரவும் முடியாது.

அபராதம் நாளுக்கு 1 லட்சம் வெள்ளி வரை, உச்சம் 20 லட்சம். பெரிய தோட்ட நிறுவனத்துக்கு இது பெரிய தொகையல்ல. ஆனால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டுத் தனியாக சிவில் வழக்கும் தொடுக்கலாம். நோய், சொத்துச் சேதம், வருமான இழப்பு மூன்றுக்கும் இடமுண்டு. ஆகவே அடுத்த புகைமூட்டத்தில் மருந்தக ரசீதையும், கடை வைத்திருப்போர் விற்பனைக் கணக்கையும் தேதிவாரியாக எடுத்துவையுங்கள்.