கந்தளாய்க் கரும்பும் கறுப்புப் பூஞ்சணமும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய் என்றால் எல்லோருக்கும் குளம் நினைவுக்கு வரும். என் வயதுக்காரர்களுக்கு அடுத்தது சீனித் தொழிற்சாலை. செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியுடன் எழுந்த அந்த ஆலை 1990களில் மூடப்பட்டது. அதைத் திரும்ப இயக்கும் பேச்சு இடையிடையே எழுகிறது. பேசுவோர் சீனியின் விலையைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கோ சீனி எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகின் மீதுதான் கண்.

ஒரு தொன் கரும்பை ஆட்டினால் ஏறத்தாழ 40 கிலோ கழிவுப்பாகு தேறும். கன்னங்கரேலென்ற அந்தப் பாகின் எடையில் பாதியளவு இன்னும் சீனியே. ஆனால் காய்ச்சிப் பளிங்காக்கக் கட்டுப்படியாகாது. நம் நாட்டில் அது பெரும்பாலும் வடிசாலைக்குப் போகிறது. அங்கே மதுவம் (ஈஸ்ட்) அதைத் தின்று மதுசாரமாக்குகிறது. ஆகட்டும். ஆனால் மதுவத்தைவிடக் கெட்டிக்கார நுண்ணங்கிகள் உண்டு.

சோடாவிலும் ஜாமிலும் சேரும் சித்திரிக் அமிலத்தை ஒரு காலத்தில் இத்தாலிய எலுமிச்சம்பழத்திலிருந்து எடுத்தார்கள். வெங்காயத் தோலில் கறுப்பாகப் படியும் அஸ்பர்ஜிலஸ் நைகர் என்ற பூஞ்சணம், சீனிக் கரைசலில் அதே அமிலத்தை ஏராளமாகச் சுரக்கும் என்று 1917இல் ஜேம்ஸ் கரி காட்டினார். 1919இல் ஃபைசர் நிறுவனம் அதைத் தொழிலாக்கியது. பிற்பாடு சுத்தச் சீனியின் இடத்துக்குக் கழிவுப்பாகு வந்தது. கூடவே தொல்லையும் வந்தது. பாகில் இரும்பும் மங்கனீசும் கலந்திருக்கும். மங்கனீசு இம்மியளவு கூடினாலும் பூஞ்சணம் தன் உடம்பை வளர்க்குமே தவிர அமிலம் தராது. ஆகவே பொற்றாசியம் பெரோசயனைட்டு இட்டு உலோகங்களைப் பிரித்துவிடுகிறார்கள்.

சுவையூட்டியான குளுத்தாமேற்றின் கதை இன்னும் வேடிக்கை. அதைத் தரும் பற்றீரியாவை 1956இல் ஜப்பானியர் கண்டுபிடித்தனர். பயோட்டின் என்ற விற்றமினுக்குப் பஞ்சம் வந்தால்தான் அது சரக்கை வெளியே விடும். கரும்புப்பாகிலோ பயோட்டின் தாராளம். அதற்கும் ஒரு தந்திரம் செய்தார்கள்: வளரும் நேரத்தில் சிறிது பெனிசிலின் சேர்த்தார்கள். பற்றீரியாவின் சுவர் தளர்ந்து, உள்ளிருந்தது கசிந்து வந்தது. கிருமியைக் கொல்லும் மருந்தைக் கிருமியிடம் வேலை வாங்கப் பயன்படுத்திய மூளையை என்னவென்பது!

கரும்புச் சக்கையிலிருந்தும் சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி போன்ற பொருள்களைப் பெறலாம். ஆனால் அதற்குச் சக்கையின் நாரில் பிணைந்துள்ள வெல்லங்களை (சீனி வகைகளை)ப் பிரித்தெடுப்பதே பெருஞ்செலவு. இப்போதைக்கு அது கொதிகலனில் எரியட்டும் என்பேன்.

இரசாயனத்தைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர். ஒரு லீற்றர் மதுசாரம் வடித்தால் பத்து லீற்றருக்கு மேல் கபிலநிறக் கழிவுநீர் மிஞ்சும். நீர்நிலையில் கலந்தால் ஒட்சிசனை உறிஞ்சி மீனைச் சாகடிக்கும். அதில் பொற்றாசியம் மிகுதி என்பதால் பிரேசிலில் அதைக் கரும்புக்கே பாய்ச்சுகிறார்கள். குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் கந்தளாயில், நொதித்தல் தொட்டிக்கு இடம் பார்க்குமுன் இந்தக் கழிவுநீர் எந்த வயலுக்கு, எவ்வளவு போகும் என்பதை வரைபடத்தில் குறித்துவிட வேண்டும்.